உள் உபயோகத்துக்கு மட்டும்

மக்கள் ரசனை அளவீட்டு நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை புதூர்நாட்டுக்கு ஏறி வந்தது. மூன்று ஊழியர்கள், ஒரு புரொஜெக்டர், இரண்டு கேமரா, நாற்பத்தைந்து நாற்காலி, ஒரு பெட்டி டிஷ்யூ காகிதம், ஒரு மூட்டை ஐஸ்கிரீம் குச்சி. திருப்பத்தூரிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு நடையில் ஏற்றி வந்தது தசரதனின் ஜீப்.

நிறுவனத்தின் வேலை எளிமையானது. ஒரு படம் வெளியாகும் முன் அதை எல்லா வகை மனிதர்களுக்கும் போட்டுக் காட்டி, எல்லா வகை மனிதர்களும் உருகினார்கள் என்று சான்றிதழ் கொடுப்பது. ‘ஈரக் குடை’ என்ற காதல் படத்துக்குக் கல்லூரி மாணவர், கம்ப்யூட்டர் ஊழியர், இல்லத்தரசி என்று மூன்று கட்டம் நிரம்பிவிட்டது. நான்காவது கட்டம் மலைவாழ் மக்கள். ஏலகிரியில் அன்றைக்கு ரூம் கிடைக்காததால் ஜவ்வாது மலை தேர்ந்தெடுக்கப்பட்டது.

வட்டார ரசனை அலுவலர் சிவசங்கர், சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடச் சொல்லிவிட்டு ஒரு சிறு உரை ஆற்றினார். ரசனை என்பது சமவெளியிலேயே தேங்கிவிடக் கூடாது, மலைக்கும் ஏற வேண்டும் என்றார். இங்கே யாரும் எதையும் ரசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ரசிக்காதவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், அவ்வளவுதான் என்றார். பிறகு கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது. பதினெட்டு கேள்வி. நேரத்தை மிச்சப்படுத்த, பதில்களும் அச்சடிக்கப்பட்டிருந்தன.

ஆளுக்கு இரண்டு டிஷ்யூ காகிதம் தந்தார்கள். படத்தில் இரண்டு மணி ஆறாவது நிமிடத்தில் அது தேவைப்படும் என்றார் சிவசங்கர். பெண்கள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். இவ்வளவு வெள்ளையான காகிதத்தை அழுவதற்குச் செலவழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

தசரதன் கடைசி வரிசையில், புரொஜெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜீப்காரன் என்பதால் அவன் கட்டத்துக்குள் வருவானா என்று முதலில் ஒரு சந்தேகம் எழுந்தது. ஊர் இதுதான், சாதிச் சான்றிதழும் இருக்கிறது என்றதும் சேர்த்துக்கொண்டார்கள். அவன் மனைவி நதியா வீட்டை விட்டுப் போய் அன்றோடு நாற்பது நாள் ஆகியிருந்தது. அது கேள்வித்தாளில் இல்லை.

நதியா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர வேண்டும் என்றாள். தசரதன் வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாள். அந்தக் கம்பெனி வேனில் ஏறினால் திரும்பி இங்கே வராதே என்றான். அது காரணம் இல்லை என்பது அவனுக்கே தெரியும். அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு ஒடுகத்தூரில் இருக்கும் அம்மா சாந்தம்மாள் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து வேனிலும் ஏறினாள். இப்படிப் போனால் புருஷன் ஊர் நாட்டாமையை அழைத்துக்கொண்டு போய்க் கூப்பிடுவதுதான் வழக்கம். முதலில் போனால் தோற்றதாகும் என்று தசரதன் நினைத்தான். அப்படியே நாற்பது நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

படம் தொடங்கியது. கதாநாயகன் பெங்களூரில் காபிக்கடை வைத்திருக்கிறான். கதாநாயகி கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறாள். இருவரும் பேசுவதில்லை. பாடுகிறார்கள். காபிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதே ஒரு பாட்டு. அதில் பின்னால் இருபது பேர் ஆடுகிறார்கள்.

பாட்டு வந்தால் வெளியே போய் ஒரு பீடி பிடித்துவிட்டு வருவது ஆண்களின் பழக்கம். முதல் பாட்டுக்குப் பதினான்கு பேர் எழுந்து போனார்கள். பீடி முடிந்து எட்டிப் பார்த்தார்கள். பாட்டு முடியவில்லை. இன்னொரு பீடி. அப்போதும் முடியவில்லை. கதை தொடங்கட்டும் என்று நாற்பது நிமிடம் பலாமரத்தடியில் நின்றார்கள். ‘உணர்ச்சிவசப்பட்டு அரங்கை விட்டு வெளியேறியோர்: 14’ என்று ஒரு ஊழியர் குறித்துக்கொண்டார்.

உள்ளே மங்கம்மாள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள். “ஏண்டி காந்தா, தண்ணி கேக்கறதுக்கும் பாடறானே, பேச்சு வராத புள்ளையா?”

“பெரிய வூட்டுப் புள்ளைங்கக்கா. அவங்களுக்கு எதுக்கும் அவசரம் இல்ல.”

இரண்டு மணி நேரத்தில் அந்த இருவரும் எட்டு இடங்களுக்குப் போய்வந்தார்கள். ஒரே குடையில் நனைந்தார்கள். மங்கம்மாளுக்குக்கூடக் கொஞ்சம் பிடித்துப்போய்விட்டது. தாலி யார் எடுத்துக் கொடுப்பது என்று முன்வரிசையில் பேச்சு ஓடியது. அப்போது கதாநாயகிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கதாநாயகன் விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் நின்று, போகிறவள் போகட்டும் என்று பாடினான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மழை பெய்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. மீதியும் காட்டுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாட்டாமை ராஜாக்கண்ணு, அடுத்தது எப்போது என்று மரியாதையாகக் கேட்டார். படம் முடிந்துவிட்டது என்றார் சிவசங்கர்.

“பொண்ணு வூட்ல இருந்து யாரும் வந்து பேசலீங்களே.”

“பேச வேண்டியதில்லைங்க. பிரிவுதான் இந்தப் படத்தோட அழகு.”

“ரெண்டரை மணி நேரம் நாங்க இத்தினி பேரு பாத்துக்கினு இருக்க ஒண்ணா சுத்துனாங்க. இப்ப நீ யாரோ நான் யாரோவா? எங்க ஊர்ல இது நடந்துகினு இருந்தா, ரெண்டு பேரையும் அன்னிக்கே உக்கார வெச்சிருப்போம்.”

கூட்டத்தில் அதற்கு ஆமோதிப்பு இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து ஏமாற்றிவிட்டதாக மங்கம்மாள் வெளிப்படையாகவே சொன்னாள். அவன் அவளோடு விமானம் ஏறியிருக்கலாம், அங்கே மட்டும் காபி குடிக்க மாட்டார்களா என்று காந்தா கேட்டாள். ‘முடிவு குறித்து ஆழ்ந்த சிந்தனை’ என்று ஊழியர் எழுதினார்.

அழுதவர் யாருமே இல்லையா என்று சிவசங்கர் கவலையோடு கேமராவைப் பின்னோக்கி ஓட்டினார். ஒருவன் அகப்பட்டான். இரண்டு மணி ஆறாவது நிமிடம், கடைசி வரிசை, இடது கண். தசரதன்.

அவனைப் பலாமரத்தடிக்கு அழைத்துப் போய் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். சிவசங்கர் எதிரே குந்தி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றார். இதுவரை யாரும் தசரதனின் கையைப் பிடித்து அப்படிக் கேட்டதில்லை. அவன் ஏழு நிமிடம் பேசினான்.

அவள் வேலைக்குத்தானே போகிறாள், அதற்கு ஏன் இவன் மழையில் நின்று பாட வேண்டும் என்று தொடங்கினான். பிறகு நதியாவைப் பற்றிச் சொன்னான். வேன், பை, நாற்பது நாள் எல்லாம் சொன்னான். காலையில் அவள் இல்லாத வீட்டில் அடுப்பு பற்றவைக்கும்போது தனக்கே தன் மேல் வரும் எரிச்சலைச் சொன்னான். “தப்பு எம்மேலதான் சார். அவ போட்டும். அவ வேலைக்கிப் போட்டும். நான்தான் போயி கூட்டியாரணும். போவல,” என்றான்.

சிவசங்கரின் கண்களும் கலங்கிவிட்டன. இதை உங்கள் மனைவி பார்த்தால் இன்றைக்கே கிளம்பி வருவார்கள் என்றார். அவர் எண்ணைக் கொடுங்கள், நானே அனுப்பிவைக்கிறேன் என்றார். தசரதன் எண்ணைச் சொன்னான். சிவசங்கர் அதைப் படிவத்தில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டார்.

அடுத்தது குச்சி. எழுதத் தெரியாதவர்களுக்காகத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்த முறை அது. படம் பிடித்திருந்தால் குச்சியை முழுதாக வாளியில் போட வேண்டும். மனம் உடைந்துபோனால் குச்சியை உடைத்துப் போட வேண்டும். உடைந்த குச்சிதான் உயர்ந்த மதிப்பெண்.

இதைக் கேட்டதும் கல்யாணமானவர்கள் குச்சியைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். சபை நடுவே ஒரு துரும்பை ஒடித்துப் போட்டு, போகிறவள் போகட்டும் என்று புருஷன் சொல்லிவிட்டால், அந்த ஊர்ப் பக்கம் கல்யாணம் அதோடு தீர்ந்தது. ராஜாக்கண்ணு எழுந்து இதை விளக்கினார்.

“சார், இங்க குச்சி ஒடச்சா அதுக்கு வேற அர்த்தமுங்க.”

“அர்த்தமெல்லாம் தலைமை அலுவலகத்திலயே முடிவு பண்ணியாச்சு, ஐயா. நீங்க சிரமப்பட வேண்டாம்.”

அப்போதும் யாரும் ஒடிக்கவில்லை. கல்யாணமாகாத இரண்டு பையன்கள் மட்டும் ஒடித்தார்கள். அது வயது வரம்புக்குள் வரவில்லை என்று எடுத்துவிட்டார்கள். வாளி காலியாகக் கிடந்தது. சிவசங்கர் தசரதனைத் தனியே அழைத்தார். இவர்கள் பயப்படுகிறார்கள், நீங்கள் ஒரு செயல்முறை விளக்கம் செய்து காட்டினால் போதும், கதாநாயகனின் கடைசி வரியைச் சொல்லி ஒரு குச்சியை ஒடியுங்கள், ஒன்றும் ஆகாது என்று இவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

தசரதன் தயங்கினான். “இது வெளிய போவாதுங்களே?”

“உள் உபயோகத்துக்கு மட்டும்.”

நதியாவுக்கு அந்த ஏழு நிமிடத்தை அனுப்பப்போகிற மனிதர் கேட்கிறார். தசரதன் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றான். அவன் கண் இன்னும் சிவந்திருந்தது. “போறவ போவட்டும்,” என்று சொல்லிக் குச்சியை ஒடித்துப் போட்டான். இது சினிமாவுக்கு என்று ராஜாக்கண்ணு சபையில் உரக்கச் சொல்லிவைத்தார். அவர் சொன்னது ஒலிவாங்கிக்கு எட்டவில்லை.

சிவசங்கர் சொன்ன சொல் தவறாதவர். நான்காம் நாள் நதியாவின் போனுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் தமிழ்நாட்டில் இன்னும் பல லட்சம் போன்களுக்கும் போனது. பதினோரு விநாடி. பலாமரத்தடியில் தசரதன் கண்ணைத் துடைக்கிறான். சுற்றிலும் ஊர் உட்கார்ந்திருக்கிறது. போறவ போவட்டும் என்று சொல்லிக் குச்சியை ஒடிக்கிறான். பின்னால் கதாநாயகனின் பாட்டு. மேலே எழுத்து ஓடுகிறது. ‘மலையின் மகனும் சொல்லிவிட்டான்! ஈரக் குடை, வெள்ளி முதல்.’

முதலில் போன் செய்தவன் நதியாவின் தம்பி அருள். அவன் சத்தம் போடவில்லை. “இன்னா மாமா, சபையில தீத்துக்கினியாமே. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்போமே. அக்காவோட பாத்திரம் பண்டமெல்லாம் எடுக்க எப்ப வர்றது?” என்று கேட்டு வைத்துவிட்டான். நதியா எடுக்கவே இல்லை. தசரதன் பதினாறு முறை அடித்தான்.

ஏழு நிமிடத்தையும் வாங்கி அவளுக்குக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். அதற்காகப் பஸ் ஏறி வேலூர் போனான். நிறுவனத்தின் அலுவலகம் ஒரு நகைக்கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க அழுகிற முகங்களின் படம். மண்டலத் தலைமை ரசனை ஆலோசகர் அம்சவல்லி அவனை எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்தார். அவன் முகம் நிறுவனத்தின் இந்த ஆண்டுக்கான சிறந்த முகம் என்றார். தசரதன் ஏழு நிமிடத்தைக் கேட்டான்.

“அது இப்ப இல்லைங்க, மிஸ்டர் தசரதன்,” என்றார் அம்சவல்லி. “அதுல உங்க குடும்ப விஷயம் நிறைய இருந்துச்சு. ஒருத்தரோட அந்தரங்கத்தை நாங்க வெச்சுக்கறதில்ல. அது எங்க கொள்கை. அதனால அழிச்சிட்டோம். உங்களுக்கு எந்த அவமானமும் வரக் கூடாது, பாருங்க.”

“ஒடச்சது மட்டும் எப்பிடிம்மா ஊரு பூரா போச்சு?”

“அது அந்தரங்கம் இல்லையே. அது ரசனை.” அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “உண்மையான உணர்ச்சிதான் எங்க நிறுவனத்தோட உயிர். அதனாலதான் அது எப்படி இருக்கணும்னு மத்தவங்ககிட்ட விடாம நாங்களே முடிவு பண்றோம். நீங்க ஏழு நிமிஷம் பேசுனீங்க. பொண்டாட்டி வேலைக்குப் போனா போகட்டும், நான் போய்க் கூட்டிட்டு வருவேன்னு. நல்ல கருத்து. ஆனா அப்படி ஒருத்தன் நினைச்சா இந்தப் படமே முதல் பாட்டோட முடிஞ்சிடும். அப்புறம் யாரு டிக்கெட் வாங்குவாங்க?”

வீடியோவையாவது எடுத்துவிட வேண்டும் என்றான் தசரதன். அதற்கு வழி இருக்கிறது என்று அவர் ஒன்பதாம் எண் படிவத்தைக் கொடுத்தார். பதிவான உணர்ச்சியைத் திரும்பப் பெற வேண்டுமானால், மீண்டும் படம் பார்த்து வேறு உணர்ச்சி பெற வேண்டும். விரல்களில் ஒயர் மாட்டி, ஒரு சின்ன அறையில் தனியாக உட்காரவைத்து, அவனுக்குப் படத்தைப் போட்டார்கள். சர்க்கரைப் பாட்டிலிருந்து கார் நிறுத்துமிடம் வரை பார்த்தான். வெறுப்பாக இருந்தது. இயந்திரம் ‘ஆழ்ந்த ஈடுபாடு’ என்று காட்டியது.

அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள். போனான். இந்த முறை பாட்டுக்குப் பாட்டு பல்லைக் கடித்தான். இதயத்துடிப்பு ஏறியதால் அவனைத் தீவிர ரசிகர் பட்டியலுக்கு மாற்றினார்கள். மூன்றாம் முறை பாதியில் தூங்கிப்போனான். ‘முதிர்ந்த ரசனை, பரிபூரண அமைதி’ என்று சீட்டு வந்தது. கீழே உணவு விடுதியில் பரோட்டா வைத்தவன் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அந்தக் குச்சி அண்ணன்தானே நீங்கள் என்று கேட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

அன்று சிவசங்கரே மாடிப்படியில் எதிரே வந்தார். தசரதனின் தோளில் கை போட்டார். நான் அனுப்பிய வீடியோ மனைவிக்குக் கிடைத்ததா, என்ன சொன்னார்கள் என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். கிடைத்தது என்றான் தசரதன். இன்னும் வரவில்லை என்றால் கவலை வேண்டாம் என்றார் சிவசங்கர். இருபத்தைந்தாம் நாள் விழாவில் இருவரையும் மேடையில் ஏற்றிச் சேர்த்துவைக்கத் திட்டம் இருக்கிறதாம். அதுவரை தயவுசெய்து நீங்களாகப் போய்ச் சேர்ந்துவிட வேண்டாம், அது விளம்பர ஒப்பந்தத்துக்கு முரணாகும் என்றார். எந்த ஒப்பந்தம் என்று தசரதன் கேட்டான். கேள்வித்தாளின் பின்பக்கம் என்றார்.

மறுநாள் தசரதன் ராஜாக்கண்ணுவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூர் போனான். போய்ச் சேரும்போது மதியம் ஒரு மணி. நதியாவுக்கு அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். டிபன் பாக்ஸில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சாந்தம்மாள் வாசலுக்கு வந்து, “வாங்க மாப்ள,” என்றாள், ஆனால் வழி விடவில்லை. அருள் நாட்டாமைக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான்.

ராஜாக்கண்ணு நடந்ததையெல்லாம் சொன்னார். சபையில் தானே இருந்ததையும், அது சினிமாவுக்கு என்று அறிவித்ததையும், அதனால் அந்த ஒடித்தல் செல்லாது என்பதையும் சொன்னார். தசரதன் ஒன்பதாம் எண் படிவத்தையும் மூன்று சீட்டுகளையும் எடுத்து நீட்டினான். அருள் வாங்கிப் படித்தான். ‘முதிர்ந்த ரசனை’ என்பதை இரண்டு முறை படித்தான்.

நதியா டிபன் பாக்ஸை மூடிவிட்டு வெளியே வந்தாள். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாள். சட்டைப்பையில் அவள் படம் ஒட்டிய அட்டை இருந்தது. அந்தப் படத்தை அவன் பார்த்ததில்லை.

“அந்த வீடியோவ நான் நம்பல,” என்றாள்.

தசரதன் மூச்சு விட்டான்.

“எங்க கம்பெனி லைன்ல கீற பொண்ணுங்களே சொல்லிட்டாங்க. மரத்தடியில ஒரு வெளிச்சம், கூடத்துக்குள்ள ஒரு வெளிச்சம். வெட்டி ஒட்டியிருக்கான்னு யாருக்கும் தெரியும். நீ அழுத பாரு, அது எதுக்குன்னும் தெரியும் எனக்கு.”

“அதான் நதியா. ஏழு நிமிசம் பேசனேன். எல்லாத்தயும் சொன்னேன். பாவிங்க அழிச்சிட்டாங்க.”

“வேலூருக்கு எத்தினி தடவ போன?”

“மூணு.”

“பள்ளிகொண்டாவுல எறங்கி பஸ்ஸு மாறுனா இங்க அரை மணி நேரம். மூணு தடவயும் அத தாண்டித்தான் போன, தாண்டித்தான் வந்த.” அவள் குரல் உயரவில்லை. “ரெண்டு மாசமா நீ வரல. அத எவனும் வெட்டி ஒட்டல.”

ராஜாக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேமராகிட்ட சொன்ன. அந்த ஆபீசரு கையப் புடிச்சிக்கினு சொன்ன. இப்ப சொல்லு,” என்றாள் நதியா.

பலாமரத்தடியில் தடையில்லாமல் வந்த பேச்சு. இப்போது எதிரே மாமியார், மச்சான், நாட்டாமை. கையைப் பிடிக்க யாரும் இல்லை. தசரதன் தரையைப் பார்த்தான். அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். வரவில்லை.

“தப்பு எம்மேலதான்,” என்றான்.

அவ்வளவுதான் வந்தது. நதியா இன்னும் கொஞ்சம் வருமா என்று நின்று பார்த்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது.

“கேட்டுக்குனேன்,” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வேன் கதவைத் திறந்து உள்ளே இருந்த பெண்கள் அவளுக்கு இடம் விட்டார்கள். யாரோ என்னவோ கேட்டார்கள். அவள் என்னவோ சொன்னாள். உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் தசரதனைத் திரும்பிப் பார்த்தார்கள். வேன் கிளம்பியது.

“வர்றேன்னு சொல்லுச்சா, வரலன்னு சொல்லுச்சா?” என்று ராஜாக்கண்ணு யாரிடம் என்றில்லாமல் கேட்டார். சாந்தம்மாள் உள்ளே போய்விட்டாள்.

தசரதன் வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேனின் பின்பக்கம் பெயர் எழுதியிருந்தது. புழுதியில் அவனால் படிக்க முடியவில்லை.

“அருளு, அது இன்னா கம்பெனி? எங்க கீது?”

அருள் சீட்டுகளை மடித்து அவன் கையிலேயே திருப்பி வைத்தான்.

“ரெண்டு மாசம் கழிச்சி கேக்கற. அதயும் அக்காகிட்டயே கேளு மாமா.”